மூன்றரை மணிக்கு எழ வேண்டாம், சகோதரி

கேள்வி: எனக்கு வயது 46. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கணவரும் வேலைக்குப் போகிறவர். மகள் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். மகனுக்கு 12 வயது. ஓராண்டாக என் அப்பாவும் எங்களோடு இருக்கிறார், அவருக்கு 78. காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறேன், இரவு படுக்கப் பதினொன்றேகால் ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் பத்து மணிக்கு மேல்தான் எனக்கு வேலை ஓடும். ஆளுக்கு ஒரு சந்தேகத்தோடு எல்லோரும் வருவதும் அப்போதுதான். நேர நிர்வாகம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். டைரி, செல்போன் செயலி, கலர் பேனா என்று எதை முயன்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. டைரியில் 31 வேலைகள் காத்திருக்கின்றன. சமீபமாக மறதியும் கூடியிருக்கிறது. ஓர் அறைக்குள் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். மூன்றரைக்கு எழுந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமே, உடம்பு பழகிக்கொள்ளுமா? அல்லது என்னிடம்தான் ஒழுங்கு இல்லையா? டைரியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் ஒழுங்கு இல்லை என்று நான் நினைக்கவில்லை. 31 வேலைகளுக்கு எண் போட்டு, முடிந்ததை அடித்து, முடியாததை மறுவாரப் பக்கத்தில் ஏற்றி எழுதும் ஒருவருக்கு யாரும் ஒழுங்கைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. ஒரு மணி நேரம் தேவைப்பட்டபோது, அதை உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்கத்தான் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றரைக்கு எழ வேண்டாம். நாலரைக்கு எழுவதையும் நிறுத்த வேண்டும்.

பதினொன்றேகாலிலிருந்து நாலரை வரை என்றால் படுக்கையில் இருப்பதே ஐந்தேகால் மணி நேரம். படுத்த நொடியில் யாருக்கும் உறக்கம் வருவதில்லை. அதைக் கழித்தால் ஐந்து மணி தேறினாலே அதிகம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015-இல் பரிந்துரைத்தார்கள். உடம்பு பழகிக்கொள்ளுமா என்கிறீர்களே, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 48 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினரைத் தொடர்ந்து 14 நாள், இரவுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடவில்லை. நாள் ஆக ஆக அவர்களுடைய கவனம் சரிந்துகொண்டே போனது. இரண்டு வார முடிவில், ஒன்றிரண்டு இரவுகள் கண்ணையே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைக் கேட்டால் தூக்கக் கலக்கம் பெரிதாக இல்லை என்றார்கள். பழகிப்போனது களைப்பு உணர்வு மட்டும்தான், மூளை பழகவில்லை. நீங்கள் தூங்குவது அவர்களைவிடவும் ஒரு மணி நேரம் குறைவு. அதுவும் இரண்டு வாரமாக அல்ல, ஓராண்டாக.

அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதற்கு இதுவே போதுமான காரணம். வயதின் பங்கு நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. மனத்தின் வேகம் இளம் வயதிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்கத் தொடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் சொல்வளமும் உலக அறிவும் அறுபதை ஒட்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு கணக்கைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா, அது இருபது வயதில் இருந்திருக்காது. இருந்தாலும் ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில் மறதி, அசதி, அரைகுறைத் தூக்கம் மூன்றும் சேர்ந்து வரும்போது அதன் பின்னால் இரத்தசோகையோ, தைராய்டு கோளாறோ, மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் மாற்றங்களோ, மனச்சோர்வோ இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. உடம்பில் இருக்கும் குறையை டைரியில் சரிசெய்ய முயன்று வருடங்களை இழந்தவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பத்தேகாலுக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுங்கள். கணக்குத் தெரிந்தவர் நீங்கள், உடனே கூட்டிப் பார்த்திருப்பீர்கள்: நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போய்விடுகிறதே! ஆமாம். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டவரிடம் இருப்பதையும் குறைக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டியது அந்த டைரிப் பக்கம்தான். அதைப் பெரிதாக்கி, ஒரு மாலை முழுக்க வைத்துக்கொண்டு படித்தேன்.

மூன்றாவது வரி: 'அப்பா – கண்'. இந்த வரி ஐந்து வாரமாகப் பக்கம் மாறி மாறி வருகிறது என்று ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். தினமும் அதைப் பார்த்து உங்களை நொந்துகொண்டும் இருப்பீர்கள். அது ஏன் நகரவில்லை தெரியுமா? அது ஒரு வேலையே இல்லை. பழைய கண்ணாடிச் சீட்டைத் தேட வேண்டும். மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பார்வை தெளியச் சில மணி நேரம் ஆகும் என்பதால் கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாக வேண்டும். அவர் விடுப்புப் போட வேண்டும். அப்பா சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டும். 'கண்புரை, அறுவை சிகிச்சை செய்யலாம்' என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன என்ற யோசனையும், அது தரும் பயமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. இவ்வளவையும் இரண்டு சொல்லில் அடைத்துவைத்தால், கை அந்த வரியைத் தாண்டி 'மகன் – ஷூ' என்ற வரிக்குத்தான் போகும். சோம்பல் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். எங்கே தொடுவது என்று தெரியாத வேலையை யாரும் தொடமாட்டார்கள்.

அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: 'திங்கள், பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், என் மேசையிலிருந்து, கண் மருத்துவமனைக்குப் போன்.' அவ்வளவுதான். மூன்று நிமிட வேலை. மற்றவை அதற்குப் பின்னால் வரும்.

இப்படி எழுதுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. அரைகுறையாக நிற்கும் வேலைகள் வேறு எதைச் செய்தாலும் உள்ளே வந்து தட்டிக்கொண்டே இருக்கும். இரவு படுத்த பிறகு வரிசையாக வந்து நிற்பவையும் அவைதான். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். முடியாத வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப் போகிறோம் என்று குறிப்பாகத் திட்டம் வகுத்தவர்களுக்கு அந்த வேலையைப் பற்றிய நினைவுகளின் தொந்தரவு அடங்கிவிட்டது. வேலை முடியவில்லை, திட்டம் மட்டும்தான் வந்திருந்தது. மனம் கேட்டது அதைத்தான். ஆகவே படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து, மறுநாளின் இரண்டு மூன்று வேலைகளுக்கு நாளும் நேரமும் இடமும் எழுதிவிடுங்கள். 31 வேலைக்கும் எழுதத் தொடங்கிவிடாதீர்கள், அது உங்களால் முடியும் என்பதுதான் எனக்குக் கவலை.

'அப்பா – கண்' போலப் பல வேலைகளை விழுங்கிய வரிகள் உங்கள் பக்கத்தில் ஐந்து இருக்கின்றன. ஆறு வரிகள் வேலைகளே அல்ல, ஆசைகள்: பழைய புகைப்படங்களை ஆல்பமாக ஒட்டுவது, மாடி அறை அலமாரி, புதிய மென்பொருள் பயிற்சி போன்றவை. நல்ல ஆசைகள்தான். இந்த ஆண்டு அவற்றுக்கு இடம் இல்லை. டைரியின் கடைசிப் பக்கத்தில் 'மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு' என்று தலைப்பிட்டு அங்கே கொண்டுபோய் எழுதுங்கள். பதினொன்று சின்னச் சின்ன வேலைகள். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி வரிசையாக முடித்துவிடலாம். மீதி ஒன்பது?

அந்த ஒன்பதும் உங்களுடையவை அல்ல. மகளின் கல்லூரி விண்ணப்பங்கள், தம்பிக்கு வீட்டுப் பத்திர நகல், கணவரின் காப்பீட்டைப் புதுப்பிப்பது, ஓய்வு பெறும் சக ஊழியருக்குப் பிரிவு உபசார ஏற்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் வேறொருவர் சொந்தக்காரர். எப்போதோ ஒரு நாள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருப்பீர்கள். அன்றோடு அது உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் வளரும் பிள்ளைகள், மறுபக்கம் முதுமையில் இருக்கும் பெற்றோர் என்று இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கும் இந்த வயதினருக்கு இது பரவலாக நேர்வது. அதிலும் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் டைரியை மேசை மேல் விரித்து வைத்து, கணவரையும் மகளையும் உட்காரச் சொல்லுங்கள். 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். உதவி என்று சொன்னதுமே வேலை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 'இந்தப் பக்கத்தில் ஒன்பது வேலைகள் என்னுடையவை அல்ல, இத்தனை நாள் நான் வைத்திருந்தேன், இனி முடியாது. எதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?' என்று கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு தேதி. கணவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது 'வேலைக்குப் போகிறவர்' என்ற ஒரே வாக்கியம். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்களும் வேலைக்குப் போகிறவர்தான் என்பதை அந்த மேசையில் நினைவில் வையுங்கள். தம்பிக்கும் போன் செய்யுங்கள். கண் மருத்துவமனைக்கு அப்பாவோடு போகும் ஆள் அவராகவே இருக்கலாம். அவருக்கும் அவர் அப்பாதானே?

கொடுத்த பிறகு ஒரு கஷ்டமான கட்டம் வரும். மகள் ஒரு விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை இழுத்தடிப்பாள், கணவர் மறந்துபோவார். உங்கள் நாக்கு துடிக்கும். நீங்களே நினைவூட்டிக்கொண்டிருந்தால் கொடுத்ததாக அர்த்தம் இல்லை. செய்வதைவிட நினைவில் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மகளுடன் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து அவள் எழுதிவைத்திருக்கும் கடைசித் தேதிகளை மட்டும் பாருங்கள். தவறினால் திருத்தவே முடியாத ஒன்றிரண்டில் குறுக்கிடுங்கள். மற்றவற்றில் அவள் தடுமாறட்டும். ஓராண்டில் வீட்டை விட்டே படிக்கப் போகக்கூடியவள் அவள்.

இனி அலுவலகம். பத்து மணிக்கு மேல்தான் வேலை ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னுடைய நல்ல நேரம் எது என்று தெரிந்தவர்கள் குறைவு. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அதை ஊருக்கே திறந்துவிட்டிருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் பத்திலிருந்து பதினொன்றேகால் வரை ஆண்டுக் கணக்குக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியதில்லை. 'பதினொன்றேகாலுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்' என்றால் போதும். செல்போன் அந்த நேரம் பைக்குள் இருக்கட்டும், அப்பாவின் அழைப்பும் பள்ளியின் அழைப்பும் மட்டும் ஒலிக்கும்படி மாற்றிவிட்டு.

அப்படியும் யாராவது வந்து நிற்கத்தான் செய்வார்கள். எழுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்: 'மூன்றாம் காலாண்டு சரிபார்த்தாயிற்று, அடுத்து தேய்மானக் கணக்கு.' ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். விட்ட இடத்தையும் அடுத்து செய்ய வேண்டியதையும் குறித்துவைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்பது அவர் 2018-இல் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு. எனக்குத் தெரிந்த வரை, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் பழக்கம் அலுவலக வேலையில் வேறில்லை.

ஒரு நாளுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதில் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம். பட்டப்படிப்பு மாணவர்களிடம், உங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கனடாவில் கேட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டால்கூட என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். இது 1994-இல் வெளிவந்த ஆய்வு. மோசமாகப் போனால் என்று யோசிக்கும்போதுகூட மனிதருக்கு நம்பிக்கைதான் மிஞ்சுகிறது. மாணவர்களுக்காவது ஓர் ஆய்வேடு. உங்கள் நாளிலோ மகனுக்குக் காய்ச்சல் வரும், அப்பாவுக்குத் தலைசுற்றும், மேலதிகாரி நான்கு மணிக்குக் கூட்டம் வைப்பார். எனவே உங்கள் நாளில் மூன்றில் ஒரு பங்கைத் திட்டமிடாமல் காலியாக விடுங்கள். ஒன்றும் நடக்காத நாளில் அது உங்களுக்குக் கிடைத்த நேரம். அதில் அடுத்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

'நடை' என்ற வரிக்கு அதிகம் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் இருபத்திரண்டு நிமிடம் வருகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் அவன் வயதும் அவன் ஷூவும் மட்டும்தான் இருக்கின்றன.

எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்கிறீர்கள். இரண்டு வாரம் போதாது, அவ்வளவுதான். ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாளாகும் என்று பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் லண்டனில் ஆராய்ந்தார்கள். சராசரி விடை 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை போயிற்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். நீங்கள் ஒரு நாள் தவறியதும் முழுத் திட்டத்தையும் கைவிட்டுப் புது டைரி வாங்குகிறவர் என்று தோன்றுகிறது, தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் சொன்ன அத்தனையையும் சேர்த்து ஆரம்பிக்கவும் வேண்டாம். முதல் மூன்று வாரம் இரண்டே இரண்டு: படுக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மேசை. பத்து மணிக் கதவு அடுத்த மாதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். பணியிடச் சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்களோடு வரையறுத்தது: தீராத அசதி, வேலையின் மீது விலகலும் கசப்பும், எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம். உங்களிடம் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டும் கடிதத்தில் தென்படவில்லை. அவையும் தலைகாட்டினாலோ, தூங்கியும் அசதி போகாவிட்டாலோ, எதிலும் மகிழ்ச்சி இல்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, டைரியை மூடி வைத்துவிட்டு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு மீண்டும் எழுதுங்கள். எத்தனை வேலை முடித்தீர்கள் என்று எழுத வேண்டாம். எத்தனை இரவு ஏழு மணி நேரம் தூங்கினீர்கள், அந்த ஒன்பது வரிகளில் எத்தனைக்குப் பக்கத்தில் இப்போது வேறு பெயர் இருக்கிறது என்ற இரண்டு எண்கள் போதும். அப்பாவின் கண்ணுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.